ஓசூரில் திறந்துவிட்ட புறாக்கள்

பார்த்து ஏறுங்க சார், படி கொஞ்சம் குறுகல். இதுதான் மொட்டை மாடி. காத்து எப்படி வருது பாத்தீங்களா? இங்கே நின்னா ஓடுபாதை இந்த முனையிலேருந்து அந்த முனை வரைக்கும் தெரியும். உங்களை மாதிரி விமானக் கம்பெனி ஆளுங்களுக்கு இதைவிட வசதியான வீடு இந்த ஊர்ல கிடைக்காது. சட்டையை மாட்டிக்கிட்டு நடந்தே டூட்டிக்குப் போயிடலாம்.

அதுவா? அது சுண்ணாம்பு இல்லை சார், புறா எச்சம். ரெண்டு தடவை ஆசிட் ஊத்தித் தேய்ச்சுப் பாத்தாச்சு, போக மாட்டேங்குது. நீங்க குடி வர்றதுக்குள்ள வெள்ளையடிச்சுக் குடுத்துடறேன். அந்தச் சுவத்துல வரிசையா ஆணி ஓட்டை தெரியுதே, அங்கேதான் கூடு இருந்துச்சு. பயப்படாதீங்க, இப்ப ஒரு இறகு கூட வராது. நான் சொல்றேன்ல. இந்த ஏர்போர்ட்டைச் சுத்தி பறவை விஷயம் பூரா என் பொறுப்புதான். பறவை விரட்டுற கான்ட்ராக்ட் என்னோடது. உங்க கம்பெனியிலேயே கேட்டுப் பாருங்க, சுகுமாரன்னா தெரியாதவங்க கிடையாது.

வெடி போடுறது, சங்கு ஊதுறது, புல்லு வெட்டுறது, வலை கட்டுறது, எல்லாம் நம்ம ஆளுங்கதான். சிரிக்காதீங்க சார். கொக்கு ஒண்ணு இஞ்சினுக்குள்ள போச்சுன்னா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். நான் வர்றதுக்கு முன்னாடி இங்கே ஒரே கொக்கு. இதோ தெரியுது பாருங்க, ஓடுபாதையோட கிழக்கு முனை, அது முன்னாடி குளம். பாதையை நீட்டணும்னு குளத்தை மூடினாங்க. மூடினதும் அந்தக் கொக்கெல்லாம் போற இடம் தெரியாம அதே இடத்துல புல்லுல வந்து நின்னுச்சு. தண்ணி இல்லைன்னு கண்ணால பாக்குது, ஆனாலும் நிக்குது. அதுகளுக்கு அறிவு கிடையாது சார். வெடி போட்டுப் போட்டுத்தான் புரிய வெச்சேன்.

அப்புறம் பருந்து. பருந்து ஏன் வருது? கறிக்கடை, மீன் கடை. ஏர்போர்ட் வந்ததும் ஓட்டல் வந்துச்சு, ஓட்டல் வந்ததும் ரோட்டோரம் கறிக்கடை வந்துச்சு. எல்லாரையும் எழுப்பி விட்டேன். பாதிப் பேர் எனக்குச் சொந்தக்காரங்கதான். சித்தப்பா மகன் இன்னும் என் வீட்டு விசேஷத்துக்கு வர்றதில்லை. வராட்டிப் போறான்.

நீங்களே சொல்லுங்க, ஒரு விமானம் இறங்குனா எத்தனை வயிறு நிறையுது? கார் ஓட்டுறவன், லாட்ஜுக்காரன், டீக்கடைக்காரன், கோணிப் பையில முருங்கைக்காய் கட்டுறவன். துபாய் விமானம் வந்த பிறகுதானே இங்கே பறிச்ச மல்லிப்பூ அதே நாள் அங்கே பொண்ணுங்க தலையில ஏறுது? அதுக்கு முன்னாடி இந்தப் பக்கம் நிலத்தைச் சும்மா குடுத்தாலும் வாங்க ஆள் கிடையாது. இந்த ஊருக்கே சோறு போடுறது உங்க பச்சை வால் கம்பெனிதான். ஆமா சார், வால்ல பச்சை இலை வரைஞ்சிருக்குல்ல, அதனால ஊருக்குள்ள அப்படித்தான் பேரு. கோவிச்சுக்காதீங்க.

அந்த இலைக்காகவே எனக்கு உங்க கம்பெனி பிடிக்கும். மத்த கம்பெனி மாதிரி இல்லை. காகித டம்ளர், மரக்கரண்டி. டிக்கெட் எடுக்கும்போது ஒரு கட்டத்துல டிக் போட்டா நம்ம பேர்ல ஒரு மரம் நடுவாங்களாம். நான் கூட என் பொஞ்சாதி பேர்ல ஒண்ணு நட்டேன். எங்கே சார் நட்டீங்கன்னு நம்பியார் சார்கிட்ட கேட்டேன். அவர்தானே அப்போ இங்கே ஸ்டேஷன் மேனேஜர். "அதெல்லாம் ஹெட் ஆபீஸ் பாத்துக்கும் சுகுமாரா"ன்னாரு. சரி, எங்கேயோ வளருது.

என் கான்ட்ராக்ட்லயும் முதல் விதி அதுதான். எந்தப் பறவையையும் கொல்லக் கூடாது. விரட்டலாம், பிடிச்சு வேற இடத்துல விடலாம். கொல்லக் கூடாது. எனக்கும் அது ஒத்துவர்ற விஷயம். எங்க வீட்ல எலிக்குக் கூட நான் மருந்து வெச்சதில்லை, என் பொஞ்சாதிதான் வைப்பா.

அப்போ இந்த வீட்டுக்காரர் பேரு சவரிமுத்து. மோட்டாருக்கு காயில் கட்டுறது தொழில். கீழே முன் ரூம்ல கடை. பொஞ்சாதி தவறிப்போச்சு. ஒரே பொண்ணு, பிலோமி. உங்க கம்பெனி கவுண்டர்ல உக்காந்து போர்டிங் பாஸ் குடுத்துக்கிட்டு இருந்துச்சு. அந்த வேலைக்குப் பேசி விட்டதே நான்தான், அதை மறந்துடக் கூடாது. பொண்ணு அந்த நீலப் புடவையைக் கட்டிக்கிட்டு தெருவுல நடந்து போகும்போது சவரி அண்ணே இந்தக் கைப்பிடிச் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு, கேட்டுக்குள்ள போய் மறையிற வரைக்கும் பாத்துக்கிட்டே நிப்பாரு. காயில் கட்டுறவன் மக ஏர்போர்ட்ல இங்கிலீஷ் பேசுதுல்ல. இருக்கும்ல பெருமை.

அவருக்கு உசிரு ரெண்டு. ஒண்ணு அந்தப் பொண்ணு, இன்னொண்ணு பந்தயப் புறா. ஆடுற புறா, கரணம் போடுற புறா இல்லை சார். இது வேற. தூரத்துல கொண்டுபோய் விட்டா வீடு தேடி வந்து சேரும், எது முதல்ல வருதோ அதுக்குக் கப்பு. கால்ல சின்னதா வளையம் போட்டு நம்பர் அடிச்சிருப்பாங்க. எனக்கு அதெல்லாம் அப்போ தெரியாது. புறான்னா புறா, அவ்வளவுதான்.

நம்பியார் சார் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "ஓடுபாதைக்கு எதிர்த்தாப்புல மாடியில புறா வளக்குறாங்களாமே, ஆடிட்டுக்கு ஆள் வருது, அதை எடுத்துடு. இன்னொரு தடவை பறவை மோதுச்சுன்னா துபாய் சர்வீஸை வேற ஊருக்குத் தூக்கிடுவாங்க. உன் கான்ட்ராக்டும் போயிடும்"னாரு. வந்தேன். இதே இடத்துலதான் நின்னு பேசினோம். அண்ணே, இந்த மாதிரி விஷயம்னேன்.

அவரு கோவப்படலை. உக்கார வெச்சு டீ குடுத்தாரு. "சுகுமாரா, நாலு வருசமா வளக்குறேன். ஒரு இறகு அந்த ஓடுபாதை மேல விழுந்திருக்கா?"ன்னாரு. விழலைதான். எப்படின்னு அவரே சொன்னாரு. விமானம் இறங்கப் போகுது, கிளம்பப் போகுதுன்னா பிலோமி கவுண்டர்லேருந்து ஒரு மிஸ்டு கால் குடுக்கும். ஒரே ஒரு ரிங். உடனே இவரு மாடிக்கு ஓடி வந்து தகர டப்பாவுல கம்பு தானியத்தைப் போட்டுக் குலுக்கி விசிலடிப்பாரு. எங்கே பறந்துக்கிட்டு இருந்தாலும் அத்தனையும் சடசடன்னு கூட்டுக்குள்ள வந்துடும். கதவை மூடிடுவாரு. விமானம் போன பிறகு இன்னொரு மிஸ்டு கால். திறந்து விடுவாரு. விமானம் லேட்டானா இதுகளும் லேட்டு. "என் புறாவுக்கும் உங்க விமானத்துக்கும் ஒரே டயம் டேபிள் தம்பி"ன்னு சொல்லிச் சிரிச்சாரு.

கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஆடிட்டுக்கு வர்றவங்ககிட்ட மிஸ்டு காலைக் காட்ட முடியுமா? விதின்னு ஒண்ணு இருக்கு. நான் சொன்னேன், "அண்ணே, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். உங்க பொண்ணு அங்கேயே வேலை பாக்குது. அப்பன் வீட்லயே பிரச்சினைன்னா நாளைக்கு அதுக்குத்தானே கெட்ட பேரு?" அந்த ஒரு வார்த்தைக்குத்தான் முகம் மாறிச்சு. டீ கிளாஸைக் கீழே வெச்சுட்டாரு. "கொன்னுடுவீங்களா?"ன்னு கேட்டாரு. எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. சேச்சே, கம்பெனி அந்த மாதிரிக் கம்பெனியே இல்லைண்ணே, பத்திரமா கொண்டுபோய் தூரமா ஒரு நல்ல இடத்துல திறந்து விடப் போறேன், என் மச்சான் ஓசூர்ல இருக்கான், அங்கே ஏரி இருக்கு, மரம் இருக்குன்னேன்.

"ஓசூரா?"ன்னாரு.

ஓசூர்தான்னேன்.

அப்போ சிரிச்சாரு சார். பல்லு தெரியாம, உதட்டுக்குள்ளேயே. அந்தச் சிரிப்பை நான் இன்னைக்கு வரைக்கும் மன்னிக்கலை. எதுக்குச் சிரிச்சாருன்னு எனக்கு அப்போ புரியலை. மனசு ஆறிடுச்சு போலன்னு நினைச்சேன். உடனே, "சரி தம்பி, கூட்டிட்டுப் போ"ன்னுட்டாரு. அவரே பிரம்புக் கூடை எடுத்தாரு, அவரே ஒவ்வொண்ணா பிடிச்சு உள்ள விட்டாரு, மேல சாக்குப் போட்டு மூடினாரு. வழியில தண்ணி காட்டுன்னாரு. எத்தனை மணிக்குத் திறப்பேன்னாரு. எந்திரிச்ச பிறகு திறப்பேன்னேன். "அப்படிப் பண்ணாதே. விடிஞ்சதும் திறந்துடு. வெயில் ஏறிடுச்சுன்னா அன்னைக்குத் திறக்கவே கூடாது, மறுநாள் விடியட்டும்னு விட்டுடு. வெயில் ஆகாது அதுகளுக்கு"ன்னு ஒண்ணுக்கு மூணு தடவை சொன்னாரு. வண்டி கிளம்பின பிறகும் பின்னாடியே ஓடி வந்து, ஜன்னல்ல கை வெச்சு, "விடிஞ்சதும், சுகுமாரா"ன்னாரு. வளத்த பாசம், உளறுறாருன்னு நினைச்சுக்கிட்டேன்.

நீங்களே சொல்லுங்க, இதுல என் தப்பு என்ன இருக்கு? "தம்பி, இது வீடு திரும்புற புறா. மத்தியானத்துக்குள்ள இங்கே வந்து சேந்துடும். துபாய் விமானம் கிளம்புறதுக்கு முன்னாடி வந்துடணும்னுதான் விடிகாலையில விடச் சொல்றேன்." இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாயைத் திறந்து சொன்னாரா? வெயிலாம் வெயில். என்னை முட்டாளாக்கி, என் வண்டியில, என் டீசல்ல அவர் புறாவுக்குப் பந்தயம் விட்டிருக்காரு. கம்பெனி கேட்டா கொண்டுபோய் விட்டாச்சு, வீட்ல பாத்தா புறா இருக்கு. அதானே திட்டம்? எனக்கு ஆத்திரம் வருமா வராதா?

ஓசூருக்கு முதல் நாள் சாயங்காலம் போய்ச் சேந்தேன். காலையில எந்திரிச்சா மச்சான் பொஞ்சாதி பொங்கல், வடை, கெட்டிச் சட்னின்னு வெச்சிருந்துச்சு. சாப்பிடாம வந்தா கோவிச்சுக்கும். அப்புறம் வீடியோ எடுக்கணும்ல? வெளிச்சம் வரட்டும்னு மச்சான் சொன்னான். அவன் கல்யாண வீடியோ எடுக்குறவன், அவனுக்குத் தெரியும். நல்லா வெயில் வந்த பிறகு ஏரிக்கரைக்குப் போனோம். நான் உங்க கம்பெனி தொப்பியைப் போட்டுக்கிட்டேன். கூடையைத் திறந்தேன். அடேயப்பா! ஒரே வீச்சா மேல எழும்பி, ஒரு வட்டம் அடிச்சு, தெக்கே பாத்து நேரா போச்சு பாருங்க. மச்சான் பின்னாடி பாட்டு வேற சேத்துக் குடுத்தான். அங்கேயிருந்தே நம்பியார் சாருக்கு அனுப்பிட்டேன். அவரு அதை இன்டர்நெட்ல கம்பெனி பக்கத்துல போட்டுட்டாரு. வானம் எல்லாருக்கும் சொந்தம்னு மேல எழுதி, அந்தப் பச்சை இலையையும் போட்டு. எவ்வளவு பேரு கைதட்டு, இதயம் எல்லாம் போட்டாங்க தெரியுமா? என் வாழ்க்கையில என் மூஞ்சியை அவ்வளவு பேரு பாத்தது அன்னைக்குத்தான்.

கரூர் தாண்டி ஒரு ஓட்டல்ல சாப்பாட்டுக்கு உக்காந்தேன். இலையில சோறு விழுந்துச்சு, போன் வந்துச்சு. நம்பியார் சார். வாயில சோத்தை வெச்சுக்கிட்டே எடுத்தேன். "சுகுமாரா, எங்கே இருக்கே? துபாய் விமானம் எழும்புற நேரத்துல ஒரு கூட்டம் புறா குறுக்கே வந்துடுச்சு. ஒரு இஞ்சின் போச்சு. பைலட் வட்டமடிச்சு இறக்கிட்டாரு. ஆளுங்க எல்லாம் பத்திரம். எங்கேருந்துய்யா வந்துச்சு இந்தப் புறா?"ன்னு கத்துறாரு. ஓசூர்லேருந்து வந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் ரசம் ஊத்தச் சொல்லிட்டு, சார் விசாரிக்கிறேன்னேன்.

பிலோமி அன்னைக்கும் வழக்கம் போல மிஸ்டு கால் குடுத்திருக்கு. சவரி அண்ணனுக்குத்தான் தெரியுமே, கூட்டுல ஒண்ணும் இல்லை. விடிஞ்சதும் விட்டிருந்தா இந்நேரம் வந்திருக்கணும், வரலை, சரி சுகுமாரன் இன்னைக்குத் திறக்கலை, நாளைக்குத்தான்னு நினைச்சிருக்காரு. கீழே காயில் கட்டிக்கிட்டு இருந்திருக்காரு. சத்தம் கேட்டுத்தான் மேல ஓடி வந்தாராம். இதோ இந்த மூலைக்கு. பாதிப் புறா ஓடுபாதையில கிடக்கு. மீதி இந்த மாடியில இறங்கி, கூட்டு வாசல்ல வரிசையா உக்காந்து இவரைப் பாக்குது. ஜெயிச்சுட்டு வந்த தோரணையில.

ஓடுபாதையில பொறுக்கின கால் எல்லாத்துலயும் வளையம். வளையத்துல நம்பர். நான் ஊர் வந்து சேர்றதுக்குள்ள போலீஸ் வந்து அவரைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. இந்த வீட்டு வாசல்ல ஊரே நிக்குது. சர்வீஸ் நின்னுடும்னு கேள்விப்பட்டதும் பூக்காரங்க, டாக்ஸிக்காரங்க எல்லாரும் வந்துட்டாங்க. அவர் கடை பலகையைப் பேத்துப் போட்டுட்டாங்க. உள்ளே இருந்த மோட்டாரெல்லாம் ரோட்டுல. அதுல பாதி அவங்க வீட்டு மோட்டார்தான், ரிப்பேருக்குக் குடுத்தது. கோவத்துல யாருக்கும் கண்ணு தெரியலை. நான்தான் எல்லாரையும் சமாதானப்படுத்தினேன். ஒரு ஆள் என் தோள்ல கை போட்டு, "நீ கொண்டுபோய் விட்டுட்டு வந்தும், அந்தாளு கூப்பிட்டு வரவழைச்சுட்டாம் பாரு"ன்னான். அவங்கவங்க நினைக்கிறதை நாம மாத்த முடியுமா?

நேரா நம்பியார் சார் ரூமுக்குப் போனேன். முதல் வேலையா அந்த வீடியோவை அழிச்சுட்டாரு. ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசினோம். பேசி முடிச்சு வெளியே வந்தா, வாசல்ல பெஞ்சுல பிலோமி உக்காந்திருக்கு. நீலப் புடவை, தலையில கனகாம்பரம். "அண்ணே, எங்கப்பா சாப்பிட்டாரா?"ன்னு கேட்டுச்சு. சாப்பிட்டிருப்பாரும்மா, நீ வீட்டுக்குப் போன்னேன்.

மறுநாள் காலையில எனக்குத் தலைவலி ஆரம்பிச்சுது. மிச்சமிருந்த புறா இருக்கே, அதுகதான். நம்ம பசங்களை விட்டு கூட்டைப் பேத்துட்டேன். கூட்டைப் பேத்தா போயிடும்னு யாரும் நினைப்பாங்கல்ல? போகலை சார். இதே மாடிக்கு மேல சுத்துது. வெடி போட்டா அந்தப் பக்கம் ஓடுபாதை மேல போகுது, திரும்பி இங்கேயே வருது. வலை வெச்சோம், கம்பு தூவினோம், ஒண்ணு கூட இறங்கலை. கீழே ரெண்டு விமானம் நிக்குது. மேல ஒண்ணு இறங்க முடியாம சுத்துது. ஹெட் ஆபீஸ்லேருந்து போன் மேல போன். அந்தப் புறா எதுவும் எங்களை நம்பலை. ஒரே ஒரு ஆளுக்குத்தான் இறங்கும்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் பேசி, கையெழுத்துப் போட்டு அவரைக் கூட்டிட்டு வந்தேன். வண்டியில வரும்போது தெளிவா சொன்னேன். "அண்ணே, நடந்தது நடந்துபோச்சு. இனி இதுகளை எங்கே கொண்டுபோய் விட்டாலும் திரும்பி வரும், அது உங்களுக்கே தெரியும். கம்பெனியால கொல்ல முடியாது, விதி இடம் குடுக்காது. உங்க சொத்து, நீங்களே முடிச்சுடுங்க. முடிச்சுட்டா உங்க பொண்ணு வேலைக்கு ஒண்ணும் வராது. நான் பேசிக்கிறேன்." அவரு என் பக்கம் திரும்பினாரு. அப்புறம், "நெசமாவா?"ன்னாரு. என் மேல நம்பிக்கை இல்லையாண்ணேன்னு கேட்டேன். "பிலோமிக்கு அந்த வேலைன்னா உசிரு தம்பி. அதுக்கு வேற ஒண்ணும் நான் குடுக்கலை"ன்னாரு. அவ்வளவுதான் பேச்சு.

மேல வந்தாரு. டப்பாவை எடுத்தாரு. குலுக்கினாரு. விசில் வரலை. உதடு காஞ்சு போயிருக்கு. நான்தான் தண்ணி குடுத்தேன். குடிச்சுட்டு விசிலடிச்சாரு. நீங்க பாத்திருக்கணும் சார்! ஆகாசத்துல புள்ளி மாதிரி இருந்ததெல்லாம் நேரா அவரைப் பாத்து விழுது. தோள்ல, தலையில, கையில. அத்தனை நேரம் ரெண்டு கான்ட்ராக்ட் ஆள், ஒரு பெட்டி வெடி, எல்லாரும் பட்ட பாடு, அவரு ஒரு விசில்ல முடிச்சாரு. எனக்கே கைதட்டணும்னு தோணுச்சு.

ஒவ்வொண்ணா எடுத்தாரு. எடுத்து, முதல்ல நெஞ்சோட சேத்து வெச்சுத் தடவி அடக்குவாரு. அது கண்ணை மூடும். அப்புறம்தான். சத்தமே வராது. சாக்கை நான் பிடிச்சுக்கிட்டேன், அந்த உதவியும் பண்ணினேன். மத்ததெல்லாம் பாத்துக்கிட்டே நிக்குது, ஓடணும்னு கூடத் தெரியலை. அறிவு கிடையாதுன்னு அதனாலதான் சொல்றேன். இன்னும் வேகமா பண்ணுங்கண்ணே, விமானம் காத்துக்கிட்டு இருக்குன்னேன். அழுதாரு. சத்தம் போட்டு அழலை, மூக்கு மட்டும் ஒழுகிக்கிட்டே இருந்துச்சு, துடைக்கக் கை ஒழியலை.

கடைசியா ஒண்ணு. சாம்பல் கலர், கழுத்துல பச்சை மினுமினுக்கும். நாக்பூர்ல விட்டும் பறந்து வீடு வந்து சேந்ததாம். அதை எடுத்து என்கிட்ட நீட்டினாரு. "சுகுமாரா, இது ஒண்ணையாவது நீ பண்ணு. எனக்கு முடியலை"ன்னாரு. நான் எப்படி சார் பண்ணுவேன்? எனக்குத்தான் உயிர்னா இரக்கமாச்சே. கம்பெனி விதி வேற. முடியாதுண்ணேன்னு கையைப் பின்னாடி கட்டிக்கிட்டேன். கொஞ்ச நேரம் என் மூஞ்சியையே பாத்தாரு. அப்புறம் அவரே பண்ணினாரு. அரை மணியில துபாய் விமானத்துக்கு வழி விட்டுட்டாங்க. அந்த வருசம் உங்க கம்பெனிக்கு டெல்லியில விருது குடுத்தாங்கல்ல, பறவையைக் கொல்லாம பறவைக் கட்டுப்பாடுன்னு? அது நம்ம ஊர்க் கணக்குதான். நம்பியார் சாருக்கு அதுலதான் பிரமோஷன். மேடையில என் பேரைச் சொல்லலை. சொல்லியிருக்கலாம்.

அப்புறம் அவரால இந்த ஊர்ல இருக்க முடியலை. கேஸுக்கு அலையணும், மோட்டார் குடுக்கவும் ஆள் வர்றதில்லை. வீட்டை விக்கணும்னாரு. அந்தப் பேரு கெட்ட வீட்டை யார் வாங்குவா? நான்தான் வாங்கிக்கிட்டேன். அதையும் ஊர்ல தப்பாப் பேசுறாங்க. இப்போ டவுன்ல அச்சாபீஸ் ஒண்ணுல வாட்ச்மேன். போன மாசம் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். அண்ணே நல்லா இருக்கீங்களான்னு நானாப் போய்க் கேக்குறேன், மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு. ஸ்டேஷன்லேருந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டு வந்தவன் நான். நன்றின்னு ஒண்ணு கிடையாதா சார் மனுசனுக்கு?

பிலோமியா? அதை வேலையிலேருந்து எடுத்துட்டாங்களே சார். அந்த வாரமே எடுத்துட்டாங்க. விமான நேரத்தை வெளி ஆளுக்குத் தகவல் குடுத்துச்சுன்னு. மிஸ்டு கால் விஷயம்தான். வேற எந்தக் கம்பெனியும் சேத்துக்கலை. இப்போ ஜவுளிக்கடையில நிக்குதுன்னு கேள்வி.

நம்பியார் சாருக்கு எப்படித் தெரியும்னா, நான்தான் சொன்னேன். அவரு ரூம்ல உக்காந்து பேசினோம்னு சொன்னேனே, அப்போ. ஹெட் ஆபீஸுக்கு ஒரு பேரு குடுத்தாகணும்னாரு. என் பேரைக் குடுக்க முடியுமா? ரெண்டு பொம்பளைப் பிள்ளை எனக்கு. தன் பேரையும் அவரு குடுக்க மாட்டாரு. அப்புறம் மிச்சம் யாரு? இந்தப் பொண்ணு டூட்டி நேரத்துல போன் பண்ணுது சார்னு உள்ளதைச் சொன்னேன். அங்கேயே எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டாரு. அதுக்கு அப்புறம்தான் நான் வெளியே வந்தேன், அது பெஞ்சுல உக்காந்திருந்துச்சு.

மறுநாள் காலையில சவரி அண்ணன்கிட்ட அதை ஏன் சொல்லலையா? என்ன சார் கேள்வி இது. சொல்லியிருந்தா விசில் அடிச்சிருப்பாரா?